இடுப்பில் வைத்த செயற்கை டிஸ்க்: எடுப்பதா, விட்டுவைப்பதா?

கீழ் முதுகின் முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் டிஸ்க்குக்குப் பதிலாகச் செயற்கை டிஸ்க் வைத்துக்கொண்டவர்களில் ஒரு சிறு பகுதியினர், ஓராண்டோ பத்தாண்டோ கழித்து, முதல் அறுவைக்கு முன் எதிர்கொண்டதைவிடக் கடினமான ஒரு கேள்வியின் முன் வந்து நிற்கிறார்கள். வலி போகவே இல்லை. அல்லது போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறது. ஒரு மருத்துவர் அதை எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர், அதைத் தொடவே கூடாது, முதுகுப் பக்கமாக ஸ்க்ரூ போட்டு எலும்பை இணைத்துவிடலாம் என்கிறார். மூன்றாமவர், எதுவும் செய்யாமல் பொறுத்துப் பாருங்கள் என்கிறார். மூவரும் பார்த்தது ஒரே ஸ்கேனைத்தான்.

இதனால் மூவரில் யாரோ ஒருவர் தவறு செய்கிறார் என்று பொருளில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவுகோலை மனத்தில் வைத்து எடை போடுகிறார்கள். அந்த அளவுகோல் எது என்பது நோயாளிக்குச் சொல்லப்படாமல் போவதுதான் குழப்பத்தின் வேர். ஆகவே அளவுகோல்களை முதலில் வைத்துவிட்டு, பிறகு நான்கு வழிகளையும் அவற்றின்மேல் நிறுத்திப் பார்க்கலாம். என் நிலைப்பாட்டையும் மறைக்கவில்லை: டிஸ்க் தானே ஆபத்தாக மாறியிருந்தால் எடுத்தே ஆக வேண்டும், வலி மட்டுமே காரணம் என்றால், எடுப்பது எல்லா வழிகளுக்கும் பின்னால் வர வேண்டிய வழி.

## உள்ளே இருப்பது என்ன

பெரும்பாலான செயற்கை டிஸ்க்குகளில் கோபால்ட்–குரோமியம் கலவையாலான இரண்டு உலோகத் தகடுகள் இருக்கும்; ஒன்று மேல் முள்ளெலும்பின் அடியிலும் மற்றது கீழ் முள்ளெலும்பின் மேலும் பதிந்திருக்க, இடையில் பாலிஎத்திலீன் நடுத்துண்டு ஒன்று அசைவுக்கு இடம் கொடுக்கும். சில வகைகளில் பிளாஸ்டிக்கே இல்லாமல் உலோகத்தின்மேல் உலோகம் உரசும். பரவலாகப் பயன்பட்ட முதல் டிஸ்க், கிழக்கு பெர்லினின் ஷாரிடே மருத்துவமனையில் காரின் பியூட்னர்-யான்ஸ், குர்ட் ஷெல்னாக் ஆகிய இருவரும் வடிவமைத்து, 1984இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட ஷாரிடே டிஸ்க். காரின், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் தங்கம் வென்ற அதே பெண்மணிதான். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஷாரிடேவுக்கு 2004இலும், புரோடிஸ்க்-எல் என்ற டிஸ்க்குக்கு 2006இலும், ஆக்டிவ்-எல்லுக்கு 2015இலும் அனுமதி அளித்தது. ஷாரிடே இப்போது விற்பனையில் இல்லை.

இந்த விவரங்கள் வெறும் வரலாறு அல்ல. எந்த வகை டிஸ்க் உள்ளே இருக்கிறது என்பதே, அதை எடுப்பது எவ்வளவு கடினம் என்பதில் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது. ஷாரிடே சிறு முட்களால் எலும்பைப் பிடித்துக்கொள்ளும். புரோடிஸ்க்-எல், தகட்டின் நடுவில் படகின் அடிக்கட்டை போல நீண்டிருக்கும் ஒரு துடுப்பை முள்ளெலும்புக்குள் செருகிக்கொள்ளும். அதை எடுக்கும்போது எலும்பையும் சேர்த்து இழக்க நேரிடும். தகடுகளின் பரப்பு எலும்பு வளர்ந்து பற்றிக்கொள்ளும்படி கரடுமுரடாகச் செய்யப்பட்டிருப்பதால், முதல் அறுவை எவ்வளவு நன்றாக வெற்றி பெற்றதோ அவ்வளவுக்கு அகற்றுதல் கடினமாகும். எனவே எந்த ஆலோசனைக்குப் போவதற்கு முன்பும், முதல் அறுவையின் குறிப்பையும், டிஸ்க்கின் பெயர், வகை, அளவு எழுதிய பதிவையும் கையில் வைத்திருக்க வேண்டும். மருத்துவமனைப் பதிவேடுகள் ஆண்டுகள் கழிந்தபின் எளிதில் கிடைப்பதில்லை.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். முதுகெலும்பின் ஒவ்வோர் அடுக்கிலும் முன்பக்கம் ஒரு டிஸ்க்கும், பின்பக்கம் ஃபேசட் எனப்படும் இரண்டு சிறு மூட்டுகளும் உண்டு. செயற்கை டிஸ்க் முன்பக்கத்தை மட்டுமே மாற்றுகிறது. பின்னுள்ள இரண்டும் பழைய மூட்டுகளாகவே தொடர்ந்து உழைக்கின்றன. டிஸ்க் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக விலகி உட்கார்ந்திருந்தால், அந்தச் சுமை ஃபேசட் மூட்டின்மேல் இறங்கி அதைத் தேய்க்கும்.

## எதை வைத்து எடை போடுவது

ஆபத்தா, வலியா? இதுவே முதல் அளவுகோல். இதற்கு விடை தெரியாமல் மற்றவற்றுக்குப் போகக் கூடாது. டிஸ்க் முன்பக்கமாக நகர்ந்து பெரிய இரத்தக்குழாய்களை அழுத்துவது, பின்பக்கமாக நகர்ந்து நரம்புகளை நெருக்குவது, நடுத்துண்டு கழன்று வெளியே வருவது, கிருமித்தொற்று, தேய்மானத் துகள்களால் சுற்றியுள்ள எலும்பு அரிக்கப்படுவது, உலோகம் உரசும் வகைகளில் அந்தத் துகள்களுக்கு எதிராக உடல் திசுக்கட்டியை உருவாக்குவது ஆகியவை ஆபத்தின் கீழ் வரும். இவற்றில் டிஸ்க்கே குற்றவாளி. வலி மட்டும் இருந்து, டிஸ்க் தன் இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அது முற்றிலும் வேறு கணக்கு.

வலி எங்கிருந்து வருகிறது? செயற்கை டிஸ்க் வைத்த இடத்தில் வலிக்கிறது என்பதால் அந்த டிஸ்க்தான் வலிக்கிறது என்று ஆகிவிடாது. ஃபேசட் மூட்டு, இடுப்பெலும்பும் திரிகமும் (முதுகெலும்பின் அடியிலுள்ள முக்கோண எலும்பு) சேரும் மூட்டு, அடுத்த அடுக்கின் இயற்கை டிஸ்க், தழும்பில் சிக்கிய நரம்பு ஆகிய எல்லாமே ஏறத்தாழ ஒரே இடத்தில் வலியைக் காட்டக்கூடியவை. சில நேரங்களில், முதல் அறுவைக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட டிஸ்க் அன்றைக்கே வலிக்குக் காரணமாக இருந்திருக்காது. அப்படியென்றால் அதற்குப் பதில் வைத்ததை எடுத்தாலும் வலி அங்கேயே இருக்கும்.

இதைக் கண்டறியும் சோதனைகளில் பெரும்பான்மை எளியவை. குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்-ரே, டிஸ்க் அசைகிறதா, சாய்ந்திருக்கிறதா என்று காட்டும். சி.டி. ஸ்கேன், தகட்டைச் சுற்றி எலும்பு அரித்திருக்கிறதா, தகடு எலும்புக்குள் அமிழ்ந்திருக்கிறதா என்று காட்டும். எம்.ஆர்.ஐ. எடுப்பதில் தீங்கில்லை, ஆனால் கோபால்ட்–குரோமியம் படத்தைக் கலைத்துவிடுவதால் அந்த அடுக்கில் நரம்புகள் சரியாகத் தெரியாது. அப்போது முதுகுத்தண்டு நீரில் சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. உதவும். இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள் உயர்ந்திருந்தால் தொற்றைப் பற்றிச் சந்தேகத்தை எழுப்பும். இவை எல்லாவற்றிலும் அதிகம் தவறவிடப்படுவது, ஃபேசட் மூட்டுக்குச் செல்லும் நரம்பை எக்ஸ்-ரே பார்த்தபடி மரத்துப்போகச் செய்யும் ஊசி. மருந்து வேலை செய்யும் சில மணி நேரம் வலி பெருமளவு அடங்குகிறது, வேறொரு நாள் மீண்டும் செய்தாலும் அப்படியே அடங்குகிறது என்றால், டிஸ்க்கின் மேலிருந்த சந்தேகம் பின்னுள்ள மூட்டின்மேல் திரும்ப வேண்டும்.

எவ்வளவு காலம் ஆகிவிட்டது? முதல் இரண்டு வாரங்களுக்குள் அதே வழியாகத் திரும்பிப் போவது ஒப்பீட்டளவில் எளிது. தழும்பு அப்போது இறுகியிருக்காது. டிஸ்க் தவறான இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று அறுவை முடிந்த சில நாளில் எக்ஸ்-ரே காட்டினால், பார்க்கலாம் என்று மூன்று மாதம் தள்ளுவது மிகப் பெரிய தவறாக முடியலாம். அந்தச் சில நாட்கள் மட்டும், இக்கட்டுரையில் சொல்லும் வரிசை தலைகீழாகிறது.

எந்த அடுக்கு? இடுப்பின் ஐந்தாம் முள்ளெலும்புக்கும் திரிகத்துக்கும் இடையிலான எல்5–எஸ்1 அடுக்கு, பெரிய இரத்தக்குழாய்கள் இரண்டாகப் பிரியும் கவட்டைக்குக் கீழே இருக்கிறது. அதற்கு மேலுள்ள எல்4–எல்5, அந்தக் குழாய்களுக்கு நேர் பின்னால் இருக்கிறது. இரண்டும் ஒரே நோயாளியின் ஒரே முதுகில் அடுத்தடுத்து இருந்தாலும் ஆபத்துக் கணக்கில் வேறு வேறு அறுவைகள்.

எலும்பின் நிலை, உடலின் நிலை. எலும்புத் தேய்வு, புகைப்பழக்கம், உடற்பருமன், நீண்ட நாள் ஓபியாய்டு (மார்ஃபின் வகை) வலிமருந்து ஆகிய நான்கும், எலும்பை இணைக்கும் எந்த அறுவையின் பலனையும் குறைக்கும்.

பிறகு எந்தக் கதவு திறந்திருக்கும்? கேட்கப்படாத அளவுகோல் இது. ஒரு வழி தோற்றால் அடுத்த வழி எஞ்சியிருக்குமா என்று ஒவ்வொன்றையும் பற்றிக் கேட்க வேண்டும். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. வைத்திருப்பதை நாளை எடுக்க முடியும், கடினமாகவேனும்.

## முதல் வழி: டிஸ்க்கையும் விட்டு, அறுவையையும் விட்டு, வலியை மட்டும் கையாள்வது

டிஸ்க் நிலையாக இருந்து, நரம்புப் பலவீனம் இல்லாமல், தொற்றுக்கான அறிகுறியும் இல்லாதவர்களுக்கு இது சோம்பேறித்தனமான வழி அல்ல. முறையான உடற்பயிற்சி சிகிச்சை, எடைக் குறைப்பு, நரம்பு வலிக்கான மருந்துகள், மேலே சொன்ன ஊசிச் சோதனையில் ஃபேசட் மூட்டு சிக்கினால் அந்தச் சிறு நரம்பை ரேடியோ அதிர்வெண் வெப்பத்தால் செயலிழக்கச் செய்வது ஆகியவை இதில் அடங்கும். அந்த நரம்பு மீண்டும் வளரும் என்பதால் நிவாரணம் பெரும்பாலும் மாதக் கணக்கில்தான் இருக்கும், ஓராண்டுக்கும் மேல் நீடிப்பதும் உண்டு, திரும்பவும் செய்துகொள்ளலாம்.

மறைமுகச் செலவு காலத்தில் இருக்கிறது. பல ஆண்டு ஓபியாய்டு மருந்து, அளவு ஏற ஏற உடலைப் பழக்கப்படுத்தி, பின்னால் எந்த அறுவை வந்தாலும் அதன் வலியைக் கட்டுப்படுத்துவதைச் சிரமமாக்கும். வேலை, உறக்கம், மனநிலை ஆகியவை மெல்லத் தேயும்போது யாரும் அதைப் பில்லில் எழுதுவதில்லை. எனவே விட்டுவைப்பதற்கும் ஒரு தேதி வேண்டும்: இத்தனை மாதம், அதற்குள் இந்த அளவு முன்னேற்றம், இல்லையென்றால் மறு ஆலோசனை. கண்காணிப்பு எக்ஸ்-ரேயை நிறுத்தவும் கூடாது, ஏனெனில் தேய்மானத்தால் வரும் எலும்பு அரிப்பு வலியே இல்லாமல் தொடங்கக்கூடும்.

காலில் பலவீனம் கூடிக்கொண்டே போவது, சிறுநீர் அல்லது மலக் கட்டுப்பாடு தவறுவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, காய்ச்சலோடு முதுகுவலி, ஒரு கால் திடீரென்று வீங்குவது ஆகியவற்றில் எது வந்தாலும் இந்த வழி அங்கேயே முடிகிறது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

## இரண்டாம் வழி: டிஸ்க்கை உள்ளேயே வைத்து, முதுகுப் பக்கமாக எலும்பை இணைப்பது

முதுகைத் திறந்து, அந்த அடுக்கின் இரண்டு முள்ளெலும்புகளிலும் ஸ்க்ரூக்களைப் பொருத்தி, கம்பிகளால் சேர்த்து, பக்கவாட்டில் எலும்புத் துகள்களைப் பரப்பி, இரண்டும் ஒன்றாக வளரும்படி விடுகிறார்கள். செயற்கை டிஸ்க் அதன் பிறகு அசையும் மூட்டாக இருப்பதில்லை. முன்பக்கத்தின் உயரத்தைத் தாங்கும் ஒரு தாங்குகட்டையாக மாறுகிறது. அசைவு நின்றால், அசைவினால் வலித்த ஃபேசட் மூட்டும் அடங்கும் என்பதே இதன் தர்க்கம்.

இதன் பெரிய பலம், வயிற்றுப் பக்கத்தையும் அங்குள்ள இரத்தக்குழாய்களையும் தொடாமலேயே வேலை முடிகிறது என்பது. அறுவை மருத்துவர்களுக்கு நன்கு பழகிய வழி இது. தேவையென்றால் நெருக்கப்பட்ட நரம்பையும் அதே வெட்டின் வழியே விடுவிக்கலாம். முக்கியமாக, இது தோற்றாலும் முன்பக்கக் கதவு மூடிவிடுவதில்லை. டிஸ்க்கை எடுக்கும் அறுவை இதற்குப் பிறகும் செய்யக்கூடியதே.

குறைகள் உண்டு. ஸ்க்ரூக்கள் பிடித்தாலும், முன்னால் இருக்கும் டிஸ்க் இன்னமும் சிறிதளவு அசைய முயன்றுகொண்டே இருப்பதால், எலும்பு சேராமல் போகும் வாய்ப்பு இருக்கிறது. சேராவிட்டால் ஸ்க்ரூ தளரும், வலி திரும்பும். எலும்பு சேர்ந்ததா என்று உறுதியாகச் சொல்ல ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை ஆகும், அதுவரை நோயாளி தெரியாத ஒரு முடிவோடு வாழ வேண்டும். முதுகுத் தசைகளை விலக்குவதால் முதல் சில வாரங்களில் வலி கடுமையாகவே இருக்கும். அடுத்த அடுக்கின்மேல் சுமை கூடும். எதைத் தவிர்ப்பதற்காக முதலில் அசையும் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தாரோ, அதையே இப்போது ஏற்றுக்கொள்கிறார் என்ற மனக்கசப்பும் சிலருக்கு இருக்கும். அந்தக் கசப்பு நியாயமானது. ஆனால் வலிக்கும் மூட்டில் அசைவைக் காப்பாற்றுவது யாருக்கும் லாபமில்லை.

தொற்றுக்கும் தளர்ந்த தகட்டுக்கும் உலோக எதிர்வினைக்கும் இந்த வழி விடையல்ல, ஏனெனில் பிரச்சினையின் மூலம் உள்ளேயே இருந்துவிடுகிறது. ஃபேசட் மூட்டில்தான் வலி என்று ஊசிச் சோதனை காட்டி, டிஸ்க் தன் இடத்தில் பாதுகாப்பாக இருப்பவர்களுக்கு, நான்கு வழிகளில் இதையே முதல் அறுவை வழியாக நான் வைப்பேன்.

## மூன்றாம் வழி: டிஸ்க்கை அகற்றி, அந்த இடத்தில் எலும்பை இணைப்பது

நகர்ந்துவிட்ட, தொற்றுப் பிடித்த, தளர்ந்த, எலும்பை அரிக்கும் டிஸ்க்குக்கு இதுதான் வழி; மாற்று இல்லை. மற்றவர்கள் இதன் முழு விலையையும் அறிந்த பிறகே இதன் பக்கம் வர வேண்டும்.

முதுகு அறுவை என்றாலும் இது பெரும்பாலும் வயிற்றின் வழியாக நடக்கிறது. அகலமான டிஸ்க்கைப் பின்பக்கமாக இழுக்க நரம்புகளின் கற்றை குறுக்கே நிற்கும். முதல் அறுவையின்போது மருத்துவர், குடல்களைச் சூழ்ந்த உறையை ஒதுக்கி, இடப்பக்கப் பெரிய இரத்தக்குழாய்களை மெல்ல நகர்த்தி டிஸ்க்கை வைத்தார். அறுவை முடிந்ததும் அந்தக் குழாய்கள் தங்கள் பழைய இடத்துக்கு, அதாவது டிஸ்க்கின் முகப்புக்கே, திரும்பி வந்து படிந்தன. பிறகு தழும்பு வளர்ந்து, குழாய்களையும் டிஸ்க்கையும் ஒன்றாக ஒட்டிவிட்டது. இடது காலிலிருந்து இரத்தத்தை மேலே கொண்டுவரும், மெல்லிய சுவருடைய இடது இலியாக் சிரை, அழுத்தத்தில் தட்டையாகிவிட்டால், தழும்புக்கும் சிரைக்கும் வேறுபாடே கண்ணுக்குத் தெரியாது. அது கிழிந்தால் நிமிடங்களில் பெரும் இரத்த இழப்பு நேரிடும். எல்4–எல்5 அடுக்கில் இந்தச் சிரையை மீண்டும் ஒருமுறை முழுமையாகப் புரட்டி நகர்த்த வேண்டியிருப்பதால்தான் அந்த அடுக்கு அனைவரையும் அஞ்ச வைக்கிறது. எல்5–எஸ்1 அடுக்கில், கவட்டைக்குக் கீழே நுழைய இடம் இருப்பதால் ஓரளவு பரவாயில்லை. முதல் அறுவை இடப்பக்கமாக நடந்திருந்தால் இம்முறை தழும்பில்லாத வலப்பக்கமாக வரலாம்.

எல்4–எல்5 அடுக்குக்கு இன்னொரு பாதையும் உண்டு: விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் நுழைந்து, முதுகெலும்பின் பக்கவாட்டில் தொடைக்கு இறங்கும் சோவாஸ் தசையைப் பிளந்து, இரத்தக்குழாய்களைச் சுற்றிக்கொண்டு டிஸ்க்கை அடைவது. இதன் விலை வேறு நாணயத்தில்: அந்தத் தசைக்குள் தொடைக்குச் செல்லும் நரம்புகள் ஓடுவதால், தொடை மரத்துப்போவதோ முழங்காலை நீட்டும் வலு குறைவதோ நேரலாம், பலருக்கு அது மாதங்களில் தீரும், சிலருக்குத் தங்கிவிடும். இடுப்பெலும்பு மறைப்பதால் எல்5–எஸ்1 அடுக்குக்கு இந்தப் பக்கவழி பயன்படாது.

ஆயத்தங்களின் பட்டியலே இந்த அறுவையின் எடையைக் காட்டிவிடும். இரத்தக்குழாய்களின் அமைப்பை முன்கூட்டியே ஸ்கேன் செய்கிறார்கள். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய் தழும்பில் மறைந்திருக்கும் என்பதால், விரலால் தடவி உணரும்படி அதற்குள் ஒரு மெல்லிய ஸ்டென்ட்டை முதலிலேயே வைப்பதுண்டு. இரத்தக்குழாய் அறுவை நிபுணர் உடன் நிற்கிறார். இடது கால் விரலில் ஆக்சிஜன் அளவி மாட்டி, ஒதுக்கி வைத்த தமனியில் இரத்த ஓட்டம் நின்றுவிடவில்லையா என்று கவனிக்கிறார்கள். இவ்வளவும் டிஸ்க்கை அடைவதற்கு மட்டும்.

அடைந்த பின், நடுத்துண்டை முதலில் உருவிவிட்டு, தகட்டுக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய உளிகளைச் செலுத்திப் பிரிக்கிறார்கள். துடுப்புள்ள வகையில் முள்ளெலும்பின் ஒரு பகுதியையே வெட்ட நேரிடும். மிஞ்சுவது ஒரு பள்ளம். சாதாரண இணைப்பு அறுவைக்குரியதைவிடப் பெரியது. அதை, இரு முள்ளெலும்புகளுக்கும் இடையே தாங்கி நிற்கும் பெரிய கூண்டாலும் எலும்பு ஒட்டாலும் நிரப்பி, பெரும்பாலும் பின்பக்கமாகவும் ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டியிருக்கும். சில நேரங்களில் இவ்விரண்டையும் வெவ்வேறு நாட்களில் செய்கிறார்கள். ஆக, மூன்றாம் வழியைத் தேர்ந்தவர் பெரும்பாலும் இரண்டாம் வழியையும் அதோடு சேர்த்தே வாங்குகிறார். இரண்டுக்கும் இடையில்தான் தேர்வு என்று நினைத்திருப்பவர்களுக்கு இது முதலிலேயே சொல்லப்பட வேண்டும். தொற்றுக்காக எடுப்பதானால், எடுத்த பின் பல வாரங்கள் சிரை வழியாக ஆன்டிபயாடிக்கும் சேரும்.

மறைமுகச் செலவுகளில் ஒன்றை ஆண்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். எல்5–எஸ்1 அடுக்கின் முன்னால் வலை போலப் படிந்திருக்கும் நரம்புகள் சிதைந்தால், விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போகும் நிலை ஏற்படலாம். உறவுக்கு அது தடையில்லை, குழந்தைப் பேற்றுக்குத் தடையாகும். முதல் அறுவையிலும் இருந்த ஆபத்துதான் இது. தழும்பில் வெட்டும்போது கூடுகிறது. குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் அறுவைக்கு முன் விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றிப் பேசிவிட வேண்டும். ஆலோசனை அறையில் இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, பிறகு வருந்துவதில் பொருளில்லை.

காலில் இரத்தம் உறைதல், வயிற்றுச் சுவர் பலவீனமாகிப் புடைத்தல், பல மாதம் வேலைக்குப் போக முடியாமை ஆகியவை மற்ற செலவுகள். இத்தனைக்கும் பிறகு, வலிக்குக் காரணம் டிஸ்க் அல்ல என்றால் வலி அப்படியே இருக்கும். திரும்பிச் செல்லும் பாதையும் இருக்காது.

உலோக ஒவ்வாமைக்காக எடுக்க விரும்புபவர்களுக்கு ஒரு சொல். தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை, தோலின் ஒவ்வாமையைக் காட்டுகிறது. முதுகின் ஆழத்தில் என்ன நடக்கிறது என்பதை அது நிரூபிப்பதில்லை. அதை மட்டும் நம்பி இவ்வளவு பெரிய அறுவைக்குள் இறங்கக் கூடாது. ஸ்கேனில் கட்டியோ திரவச் சேர்க்கையோ எலும்பு அரிப்போ தெரிந்து, உலோகத்தின்மேல் உலோகம் உரசும் வகையாகவும் இருந்து, இரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவும் உயர்ந்திருந்தால் அது வேறு செய்தி.

## நான்காம் வழி: எடுத்துவிட்டு இன்னொரு செயற்கை டிஸ்க் வைப்பது

அசைவை இழக்க மனமில்லாதவர்கள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள், பொருந்துவதோ மிகச் சிலருக்கே. முதல் அறுவை முடிந்த சில நாட்களில், அளவோ இடமோ தவறிவிட்டது என்று கண்டுபிடிக்கப்பட்டு, எலும்பு சேதமாகாமல், ஃபேசட் மூட்டுகளும் நல்ல நிலையில் இருக்கும்போது இது நியாயமான தேர்வு. நடுத்துண்டு மட்டும் பழுதாகித் தகடுகள் உறுதியாக இருந்தால், நடுத்துண்டை மட்டும் மாற்றுவதும் சில வகைகளில் முடியும். ஆனால் அந்த வகை இன்னும் சந்தையில் இருக்க வேண்டும், ஷாரிடே போல விற்பனை நின்ற டிஸ்க்குக்கு உதிரிப் பாகத்தை நம்ப முடியாது. ஆண்டுகள் கழிந்த பின், பள்ளமான எலும்பில் புதிய டிஸ்க்கை உட்கார வைப்பது, அதே பிரச்சினைக்கு இரண்டாம் முறை பணம் கட்டுவது போன்றது. தொற்று இருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

## பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால்

| | விட்டுவைத்தல் | பின்பக்க இணைப்பு | அகற்றி இணைத்தல் | அகற்றிப் புது டிஸ்க் |
|---|---|---|---|---|
| யாருக்கு | டிஸ்க் நிலையாக, நரம்பு நலமாக இருப்பவருக்கு | ஃபேசட் வலி உறுதியானவருக்கு | நகர்வு, தொற்று, தளர்வு, எலும்பு அரிப்பு | முதல் சில நாட்களில் தவறு தெரிந்தவருக்கு |
| யாருக்குக் கூடாது | தொற்று, நகர்வு, கூடிவரும் பலவீனம் | டிஸ்க்கே ஆபத்தான நிலை | வலியின் மூலம் தெரியாதவருக்கு | தொற்று, எலும்பு இழப்பு, தேய்ந்த ஃபேசட் |
| பெரிய ஆபத்து | கவனிக்கப்படாத சேதம் | எலும்பு சேராமை | பெரிய சிரை கிழிதல் | மூன்றாம் வழியின் ஆபத்தோடு மீண்டும் தோல்வி |
| அசைவு | மிஞ்சும் | போகும் | போகும் | மிஞ்சலாம் |
| மறைமுகச் செலவு | ஆண்டுகள், வலிமருந்துப் பழக்கம் | ஓராண்டுக் காத்திருப்பு, அடுத்த அடுக்கின் சுமை | பின்பக்க அறுவையும் சேர்வது, கருவுறச் செய்யும் திறன் | உதிரிப் பாகம் கிடைக்காமை |
| பிறகு திறந்திருக்கும் கதவு | எல்லாம் | முன்பக்க அகற்றல் | ஏறத்தாழ எதுவுமில்லை | அகற்றி இணைத்தல், இன்னும் கடினமாக |

கடைசி வரிசையே இந்த அட்டவணையில் அதிகம் பேசுகிறது. இடமிருந்து மூன்றாம் கட்டம் வரை போகப் போகக் கதவுகள் குறைகின்றன. எனவே, டிஸ்க் ஆபத்தாக இல்லாத வரை, அந்த வரிசையிலேயே நகர்வது இழப்பைக் கட்டுக்குள் வைக்கிறது. ஆபத்து உறுதியானால் வரிசை பொருட்டல்ல, நேராக மூன்றாம் கட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே தயங்குவதும் முதல் கட்டத்தில் அவசரப்படுவதும் ஒரே அளவு தீங்கு.

## அறுவை மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி, வலி இந்த டிஸ்க்கிலிருந்துதான் வருகிறது என்று எந்தச் சோதனை சொல்கிறது என்பது. ஸ்கேனில் பார்த்தாலே தெரிகிறது என்ற விடையை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றாம் வழிக்குச் சம்மதிக்க வேண்டாம். அடுத்து, ஃபேசட் ஊசி ஏன் செய்யவில்லை, அல்லது செய்ததில் என்ன தெரிந்தது என்று கேட்க வேண்டும். எடுக்காமல் ஓராண்டு விட்டால் என்ன நடக்கும், எந்த அறிகுறியைக் கண்டால் அந்த ஓராண்டுக்குள்ளேயே வர வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள்.

அகற்றுவதென்று முடிவானால் கேள்விகள் வேறாகின்றன. எந்தப் பாதையில் நுழைவார்கள், ஏன் அந்தப் பாதை? வயிற்றுப் பகுதியைத் திறக்கப் போகும் இரத்தக்குழாய் நிபுணர் யார், அறுவைக்கு முன் அவரையும் சந்திக்க முடியுமா? முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நாளிலா, இரண்டு நாளிலா? சிரை கிழிந்தால் பாதியில் நிறுத்தி, டிஸ்க்கை உள்ளேயே விட்டுவிட்டுப் பின்பக்க இணைப்புக்கு மாறும் திட்டம் உண்டா? வைத்த டிஸ்க்கை எடுக்கும் அறுவையை இந்தக் குழு இதுவரை எத்தனை முறை செய்திருக்கிறது? செயற்கை டிஸ்க் வைப்பதில் நூற்றுக்கணக்கான அனுபவம் இருப்பவருக்கும் எடுப்பதில் ஓரிரண்டு அனுபவமே இருக்கக்கூடும். அப்படியிருந்தால், அதிகம் செய்திருக்கும் இன்னோர் இடத்துக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு, முதல் அறுவையின் குறிப்பையும் எல்லா ஸ்கேன்களையும் அதோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.